அரங்கேற்றம்: முடிவும் தொடக்கமும் ஒரே படியில்

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் வந்தால் வீட்டில் இரண்டு விதமான கேள்விகள் எழுவதைக் கவனித்திருக்கிறேன். "பிள்ளை நடனம் படித்து முடித்துவிட்டாளா?" என்று ஒருவர் கேட்பார், "இனிமேல் மேடையில் ஆடத் தொடங்கப் போகிறாளா?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் ஆம் என்றே விடை சொல்லலாம். பயிற்சியின் நிறைவையும் தொழிலின் தொடக்கத்தையும் குறிக்கத் தமிழ் இரண்டு சொற்களைத் தேடவில்லை. அரங்கில் ஏறும் அந்த ஒரு படியையே இரண்டுக்கும் பெயராக வைத்துக்கொண்டது. இச்சொல் எப்படி உருவானது, எவற்றையெல்லாம் குறித்து வந்தது, அதன் பொருளில் இன்று எந்தப் பகுதி தேய்ந்து வருகிறது என்பவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் அமைப்பு. 'ஏறு' என்பது தன்வினை. ஏறுகிறவர் தாமே ஏறுகிறார். 'ஏற்று' என்பது பிறவினை. ஒருவர் இன்னொருவரை மேலே ஏற்றிவிடுகிறார். அரங்கேறுதல் மாணவரின் செயல் என்றால் அரங்கேற்றுதல் ஆசிரியரின் செயல். 'மாறு' என்பதிலிருந்து 'மாற்றம்' பிறப்பதுபோல 'ஏறு' என்பதிலிருந்து 'ஏற்றம்' பிறக்கும். ஆனால் 'ஏற்று' என்னும் பிறவினையின் பொருளும் அதே வடிவத்துக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. எனவே அரங்கேற்றம் என்று சொல்லும்போது ஏறியவரும் ஏற்றியவரும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காதைக்கு 'அரங்கேற்று காதை' என்றே பெயர். அங்கே பிறவினை வடிவம் வந்திருப்பது தற்செயல் அன்று என்று நான் கருதுவதற்கான காரணம், அந்தக் காதையைப் படித்துப் பார்த்தால் விளங்கும்.

'அரங்கு' என்ற சொல்லின் வரலாறு நீண்டது. ஆற்றின் நடுவே மேடாக நிற்கும் நிலத்துக்கு அரங்கம் என்று பெயர்; காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள திருவரங்கம் அவ்வகையில் பெயர் பெற்றது. தென்மாவட்டங்களின் பழைய வீடுகளில் பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் உள்ளறையை இன்றும் அரங்கு என்பார்கள். வடமொழி 'ரங்கம்' என்னும் சொல்லோடு இதற்குள்ள உறவு பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. எது எதிலிருந்து வந்ததாயினும், சுற்றியுள்ள வெளியிலிருந்து எல்லை வகுத்துப் பிரிக்கப்பட்ட இடம் என்ற பொருள் எல்லாப் பயன்பாட்டிலும் தொடர்கிறது. திருக்குறளின் 401-ஆம் குறள் இதற்கு நல்ல சான்று:

"அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்."

இங்கே அரங்கு என்பது வட்டாட்டத்துக்காகத் தரையில் கீறிய கட்டம். கட்டம் கீறாமல் காய் உருட்டுவது போன்றது, நிரம்பிய கல்வி இல்லாமல் அவையில் பேசப் புகுவது என்கிறார் வள்ளுவர். 'நிரம்பிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அவை என்ற இடத்துக்குள் நுழைவது தொடக்கம்; ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு முன்பே ஒரு நிரம்புதல் நடந்து முடிந்திருக்க வேண்டும். அரங்கேற்றம் என்ற சொல் இக்குறளில் இல்லை. அதன் உட்பொருள் முழுவதும் இருக்கிறது.

இனி மாதவிக்கு வருவோம். நடனமகள் ஒருத்தியின் அரங்கேற்றத்தைத் தமிழில் இவ்வளவு விரிவாகப் பதிவுசெய்த பழைய நூல் வேறொன்று இல்லை. ஆடல், பாடல், அழகு என்ற மூன்றில் ஒன்றும் குறையாமல் "ஏழாண்டு இயற்றிஓர் ஈராறு ஆண்டில்" அவள் சோழ மன்னனுக்குத் தன் கலையைக் காட்ட வருகிறாள். ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி பன்னிரண்டு வயதில் அரங்குக்கு வருகிறது என்பதே இந்தக் கணக்கு. அவள் ஆடுவதைக் காண ஆவலோடு காதைக்குள் நுழையும் வாசகருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரை ஒவ்வொருவராக அழைத்து வந்து, அவரவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறார். தாளக் கணக்கு, கை அடவுகளின் வேறுபாடு, குழலில் விரல் வைக்கும் முறை, யாழ் நரம்பில் பண்களைப் பிறப்பிக்கும் வழி என்று அது விரிகிறது. ஏறுகிறவள் ஒருத்தி, ஏற்றுகிறவர்கள் பலர். 'அரங்கேறு காதை' என்று பெயர் வைக்காமல் 'அரங்கேற்று காதை' என்று வைத்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து அரங்கின் அளவு வருகிறது. உயர்ந்த மலையில் ஒரு சாண் இடைவெளியில் கணுக்கள் அமைய வளர்ந்த மூங்கிலை வெட்டி, இருபத்து நான்கு விரல் நீளத்தில் அளவுகோல் ஆக்குகிறார்கள். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் உள்ள மேடை எழுகிறது; மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இடம் விடுகிறார்கள். ஒரு விரலை ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று கொண்டால் ஒரு கோல் இரண்டு அடி ஆகும். மேடை பதினான்கு அடி அகலமும் பதினாறு அடி நீளமும் இரண்டு அடி உயரமும் கொண்டது என்றாகும். இன்றைய சபா மேடைகளை நினைத்தால் இது சிறியது. ஒரு பெண் தனியாக ஆடவும், அவள் கண்ணசைவு எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தெரியவும் ஏற்றது. ஏறவும் இறங்கவும் இரண்டு வாயில்கள், மூன்று வகைத் திரைகள் என்று வருணனை தொடரும்போது, ஒரு சிறு குறிப்பு என்னை எப்போதும் நிறுத்திவிடும். விளக்குகளை எப்படி வைத்தார்களாம்? "தூண்நிழல் புறப்பட" வைத்தார்களாம். தூணின் நிழல் ஆடுபவள்மேல் விழாமல் மேடைக்கு வெளியே விழுமாறு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். அரங்கில் நின்று பார்த்தவர் அல்லாமல் வேறு யாரும் இந்த வரியை எழுதியிருக்க முடியாது.

மேடைக்குத் தலைக்கோல் கொண்டுவரப்படுகிறது. தோற்றுப்போன அரசனிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பில், கணுக்களுக்கு நவமணி பதித்து, இடையிடையே பொற்றகடு வேய்ந்து செய்த கோல் அது. இந்திரன் மகன் சயந்தனாக அதைப் பாவித்து வழிபட்டு, பட்டத்து யானையோடும் தேரோடும் ஊர்வலம் வந்து மேடையில் வைத்த பிறகே மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கில் ஏறுகிறாள். நூல் சொன்ன முறை வழுவாமல் ஆடிக் காட்டியதால் மன்னனிடம் பச்சை மாலையும் 'தலைக்கோலி' என்ற சிறப்பும் பெறுகிறாள். "தலையரங்கு ஏறி" ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். தலையரங்கு என்பது முதல் அரங்கு. முதல் மேடையே பட்டம் பெறும் மேடையாகவும் இருக்கிறது என்பதை இந்த ஒரே வரி காட்டிவிடுகிறது.

தலைக்கோலிப் பட்டம் காப்பியக் கற்பனையோடு நின்றுவிடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தம் பெயரோடு 'தலைக்கோலி' என்ற சிறப்பைச் சேர்த்துக்கொண்ட ஆடல் மகளிரைக் காண்கிறோம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்ததாக அக்கோயிலின் கல்வெட்டே பேசுகிறது. முதல் அரங்கில் தேறியவருக்கு வாழ்க்கை முழுவதும் ஆடுவதே வேலையாக இருந்த காலம் அது.

நடனத்துக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு நூலுக்கும் உரியது அரங்கேற்றம் என்ற சொல். அச்சு இல்லாத காலத்தில் ஒரு நூல் வெளியாவது என்றால் அது ஓர் அவையின் முன் படிக்கப்பட்டு, கேள்விகளுக்கு விடை கூறப்பட்டு, ஏற்கப்படுவதே. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் அந்நூல் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், நான்மறை முற்றிய அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்கிறது. நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலிய எட்டையும் சொல்ல வேண்டும் என்று வகுத்த நன்னூல், காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறது. அந்தக் 'களன்' என்பது நூல் அரங்கேறிய இடம். எழுதிய இடத்தைவிட அரங்கேறிய இடமே குறிக்கத் தக்கதாக இருந்தது என்பது, ஒரு நூல் எப்போது பிறந்ததாகக் கருதப்பட்டது என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

கோயில்களே இத்தகைய களங்களாயின. கம்பரின் இராமாயணம் திருவரங்கத்தில் தாயார் சன்னிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் அரங்கேறியது என்பது வழிவழியாக வரும் செய்தி. சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது என்று சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஓராண்டு நீண்ட அரங்கேற்றம் அது.

இவற்றுள் கந்தபுராணக் கதை இச்சொல்லின் இன்னொரு முகத்தைக் காட்டுவதால் சற்று நின்று பார்க்கத் தக்கது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் தம் நூலை அரங்கேற்றத் தொடங்குகிறார். காப்புச் செய்யுளின் முதல் தொடரே "திகட சக்கரம்" என்று வருகிறது. 'திகழ்' என்பதும் பத்துக் கை என்று பொருள்படும் 'தசக்கரம்' என்பதும் சேர்ந்து 'திகடசக்கரம்' ஆவதற்கு இலக்கண விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்கிறார். தொல்காப்பியத்தில் அந்த விதி இல்லை. முதல் சொல்லிலேயே அரங்கேற்றம் நின்றுவிடுகிறது. மறுநாள் வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் அதற்கான விதி இருப்பதை ஒருவர் வந்து காட்டினார் என்றும், வந்தவர் முருகனே என்றும் மரபு சொல்கிறது. தெய்வச் செயலை நம்புவோரும் நம்பாதோரும் இக்கதையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அரங்கேற்றம் என்பது பாராட்டுக் கூட்டமாக இருக்கவில்லை, மறுப்பதற்கும் தடுப்பதற்கும் அவைக்கு உரிமை இருந்தது. இன்றைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இம்மரபு உயிரோடு இருந்தது. தலபுராணங்கள் பல பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவற்றை அந்தந்த ஊர்க் கோயிலிலேயே நாள்தோறும் சிறிது சிறிதாகப் பாடிப் பொருள் விரித்து அரங்கேற்றுவார். திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியபோது உடனிருந்த மாணவர் உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அந்நாள்களை நினைவுகூர்ந்திருக்கிறார். அச்சுப் புத்தகம் பெருகியபின் 'நூல் வெளியீட்டு விழா' வந்து அரங்கேற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியிடுவது வேறு, அரங்கேற்றுவது வேறு. வெளியீட்டு விழாவில் யாரும் எழுந்து முதல் சொல்லுக்கு விதி கேட்பதில்லை.

இச்சொல்லுக்கு நிகராக ஐரோப்பாவிலும் ஒரு சொல் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் பட்டமளிப்பு விழாவைக் 'கமென்ஸ்மென்ட்' என்று அழைக்கின்றன. அச்சொல்லின் நேர்ப்பொருள் 'தொடக்கம்'. படிப்பை முடித்த நாளைத் தொடக்கம் என்பது ஏன் என்று நம்மவர் பலர் வியந்திருக்கக்கூடும். காரணம் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அங்கே ஆசிரியர்கள் ஒரு தொழிற்குழுவாக இயங்கினார்கள். படித்து உரிமம் பெற்ற ஒருவர் அக்குழுவின் முன் தம் முதல் விரிவுரையையும் வாதத்தையும் நிகழ்த்தி, ஆசிரியருக்குரிய தொப்பி அணிந்து அவர்களோடு சமமாக அமர்ந்தார். இலத்தீனில் இதற்கு 'இன்செப்தியோ' என்று பெயர். அதுவும் தொடக்கம் என்றே பொருள்படும். மாணவராக இருந்தது முடிந்த அதே நிகழ்ச்சியில் ஆசிரியராக இருப்பது தொடங்கியது. ஹார்வர்டு 1642-இல் ஒன்பது மாணவர்களோடு தன் முதல் கமென்ஸ்மென்டை நடத்தியபோது அந்தப் பழைய சொல் அட்லாண்டிக்கைக் கடந்து வேரூன்றியது. நம் 'பட்டமளிப்பு விழா' என்ற சொல்லோ கொடுப்பவரை மட்டுமே காட்டுகிறது. பெற்றவர் என்ன செய்யப் போகிறார் என்பது அதில் இல்லை. அரங்கேற்றம் என்ற சொல்லைக் கையில் வைத்திருந்தும் கல்விக்கு அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம் என்பது எனக்கு வருத்தமே.

அண்டை மொழிகளில் மலையாளம் இதே சொல்லைப் போற்றி வைத்திருக்கிறது. செண்டை பயின்றவரும் கதகளி பயின்றவரும் அங்கே அரங்கேறுகிறார்கள். கன்னடமும் தெலுங்கும் 'ரங்கப் பிரவேசம்' என்கின்றன. பிரவேசம் என்பது நுழைதல். ஏற்றம் என்பது உயர்தல். தமிழ்ச் சொல்லில் இருக்கும் அந்த மேல்நோக்கிய அசைவும், கைகொடுத்துத் தூக்கிவிடும் ஆசிரியரும் பிரவேசத்தில் இல்லை.

அரங்கேற்றம் தனியொருவருக்கே உரியது என்று நினைப்பதும் தவறு. மட்டக்களப்புக் கூத்து மரபில் கூத்து ஆசிரியரான அண்ணாவியார் ஊர் இளைஞர்களைத் தேர்ந்து, ஆட்டமும் பாட்டும் மாதக்கணக்கில் பழக்கி, இடையில் சதங்கை அணியும் சடங்கை நடத்தி, கடைசியில் வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளம் கட்டி விடிய விடியக் கூத்தை அரங்கேற்றுவார். அங்கே அரங்கேறுவது ஆட்டக்காரர் ஒருவர் அல்லர். கூத்து முழுவதும் அரங்கேறுகிறது, அதோடு ஊரும் அரங்கேறுகிறது. கொங்கு நாட்டில் ஒயிலாட்டமும் வள்ளி கும்மியும் பழகியவர்கள் சிறுவர் முதல் பெரியவர் வரை ஒரே நிறச் சீருடையில் நூற்றுக்கணக்கில் நின்று கோயில் திடலில் அரங்கேறுவதை இப்போது அடிக்கடி காண்கிறோம். ஐம்பது வயதில் ஒரு பெண் தன் பேத்தியோடு ஒரே வரிசையில் அரங்கேறலாம் என்பது இந்த மரபு இச்சொல்லுக்குத் தந்த நல்ல விரிவு.

பரதநாட்டிய அரங்கேற்றத்தின் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டில் அமைந்தது. அதற்கு முன் இசை வேளாளர் குடும்பங்களில் நடன ஆசிரியரான நட்டுவனாரிடம் பயின்ற சிறுமி கோயிலிலோ பெரியவர் கூடிய வீட்டுக் கூடத்திலோ முதன்முதலாக ஆடுவாள். தஞ்சாவூர் பாலசரஸ்வதி 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறினார். அவரை ஏற்றியவர் நட்டுவனார் கந்தப்பா. பத்தாண்டுகளுக்குப் பின், 1935-இல், அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி சென்னை அடையாற்றில் முதன்முதலாக ஆடினார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. கலை குடும்பம் மாறியது. சொல் மட்டும் மாறவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு அரங்கேற்றம் பிழைப்பின் வாசலாக இருந்தது; புதிய குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் பயிற்சியின் மகுடமாக ஆயிற்று. சொல்லின் இரண்டு பொருள்களில் ஒன்று தேயத் தொடங்கியது இங்கேதான்.

ஒரு வழக்கமான அரங்கேற்ற மாலையை அருகில் நின்று பார்த்தால் இரண்டு பொருள்களும் இன்னும் அங்கே இருப்பது தெரியும். சில வாரங்களுக்கு முன்பே சலங்கை பூசை முடிந்திருக்கும். தோல்பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்த மணிகளைத் தட்டில் வைத்துப் பூவிட்டு, ஆசிரியர் தம் கையால் எடுத்துக் கொடுக்க, மாணவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலில் கட்டுவாள். அரங்கேற்ற நாளில் ஆசிரியர் மேடை ஓரத்தில் தாளத்தோடு அமர்ந்து சொற்கட்டு சொல்வார். அலாரிப்பில் கண்ணும் கழுத்தும் தோளும் ஒவ்வொன்றாக விழிக்கும். ஜதிஸ்வரம், சப்தம் கடந்து வர்ணம் வரும். தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய இந்த வரிசையில் வர்ணமே சோதனை. அரை மணி நேரத்துக்கு மேலும் நீளும் அந்த உருப்படியில் தீர்மானம் எனப்படும் தாள அடவுக் கோவைகளுக்கு இடையே மூச்சு வாங்கும் ஒலி முன்வரிசைக்குக் கேட்கும். காலில் மணி ஒன்று கழன்று மேடையில் உருண்டாலும் அவள் கீழே பார்க்கக் கூடாது. பதமும் தில்லானாவும் ஆடி மங்களம் முடிந்ததும் தாளக்கட்டையைக் கீழே வைத்து எழும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால், ஏற்றுதல் என்ற பிறவினை எவ்வளவு பாரமானது என்பது புரியும்.

புலம்பெயர் நாடுகளில், குறிப்பாக ஈழத்தமிழர் வாழும் டொராண்டோவிலும் இலண்டனிலும், அரங்கேற்றம் இன்னொரு பொறுப்பையும் சுமக்கிறது. தமிழ் பேசும் அவை ஒன்று கூடுவதற்கான காரணமாக அது இருக்கிறது. மண்டப வாடகை, பக்கவாத்தியக் கலைஞர்களின் பயணச் செலவு, ஆடை, விருந்து என்று திருமணத்துக்கு நிகராகச் செலவாகிறது என்ற குறை நியாயமானது. எத்தனையோ திறமையான பிள்ளைகள் பணம் இல்லாத காரணத்தால் அரங்கேறாமலே நின்றுவிடுகிறார்கள். ஆயினும் என் கவலை செலவைப் பற்றியது மட்டும் அன்று. அரங்கேற்றம் முடிந்த வாரமே சலங்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மேடை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நிகழ்ச்சி முடிவாக மட்டும் நின்றுவிட்டால் அதற்கு அரங்கேற்றம் என்ற பெயர் பாதிதான் பொருந்தும்.

நாளிதழ்த் தமிழ் இச்சொல்லுக்குச் செய்வது வேறொரு தீங்கு. 'கொலை அரங்கேறியது', 'கொடூரம் அரங்கேற்றப்பட்டது' என்று நாள்தோறும் படிக்கிறோம். பயிற்சியும் ஆசிரியரும் அவையும் கூடிய ஒரு சொல்லைக் கொலைக்குக் கொடுப்பது எழுதுகிறவரின் அவசரமே அன்றி வேறில்லை. 'நடந்தது' என்ற எளிய சொல் அங்கே போதும்.

மாதவியின் கதை அரங்கேற்று காதையோடு முடிவதில்லை. அன்றே அவள் பெற்ற பச்சை மாலையைக் கூனி நகர வீதியில் விலைகூற, கோவலன் அதை வாங்கி மாதவியின் மனைக்குப் போகிறான். காப்பியத்தின் துயரம் அங்கிருந்து பிறக்கிறது. இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. இரண்டு காதைகள் கடந்து, கடலாடு காதையில், புகார் நகரத்து இந்திர விழாவைக் காண வடமலையிலிருந்து வித்தியாதரன் ஒருவன் தன் காதலியோடு வருகிறான். கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம் என்று பதினோர் ஆடல்களை ஒருத்தி ஆடுகிறாள். ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி வந்த அவன், ஆடியவள் மாதவி என்று தன் காதலிக்கு அடையாளம் சொல்கிறான். பன்னிரண்டு வயதில் ஏறிய அந்தப் பதினாறு அடி மேடைக்குப் பிறகு அவள் கற்றதும் ஆடியதும் அந்தப் பதினோர் ஆடல்களில் இருக்கின்றன.